தக்காளிக் கொட்டகையும் அம்பாசடர் வண்டியும்

முனியப்பன் மகன் பச்சியப்பன், 1951 – 2025.

பாலக்கோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் ஊரில் பிறந்து, சர்க்கரை ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து, 2009ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். என் அக்காள் தீர்த்தம்மாளின் கணவர். அவரைப் பற்றி எழுதும்போது அவருடைய நற்குணங்களை முதலில் சொல்ல வேண்டும் என்பது முறை. அவர் பொய் சொல்ல மாட்டார். பிறர் பொருளைத் தொட மாட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். இனி அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அது 1984ஆம் ஆண்டு நவம்பரில் பதிவு செய்யப்பட்ட வெள்ளை நிறப் பெட்ரோல் அம்பாசடர். தருமபுரியில் இருந்த ஒரு மருத்துவரிடமிருந்து 1996இல் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து வேறெந்த மெக்கானிக்கின் கையும் அதன்மேல் படவில்லை என்பது அவருடைய பெருமை. ஆண்டில் பாதி நாள் அது ஓடவில்லை என்பது எங்களுடைய அனுபவம். ஆலையில் கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் இயந்திரத்தைத் திறக்கக் கூடாது; அரவை முடிந்த பின்தான் பிரிக்க வேண்டும். இந்த விதியைத் தம் சொந்த வண்டிக்கும் அவர் வைத்திருந்தார். ஆகவே தை மாதம் எழுந்த ஒரு சத்தத்துக்கு வைகாசியில்தான் மருந்து கிடைக்கும். மழைக்காலத்தில் மகள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பேருந்துதான்.

வண்டி நின்ற இடம் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. வீட்டை ஒட்டிக் காற்றோட்டமாக, வெயில் படாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். என் அக்காள் ஒன்றரை ஏக்கரில் தக்காளி பயிரிடுபவர். மாலையில் பறித்த தக்காளி மறுநாள் விடியும் முன் பாலக்கோட்டுச் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை நிழலில் இருக்க வேண்டும். மழைத்துளி பட்டால் பழம் வெடித்துவிடும். நிழல் முழுவதையும் வண்டி எடுத்துக்கொண்டதால், தக்காளிப் பெட்டிகள் வேப்பமரத்தடியில் ஒரு தார்ப்பாயின் கீழ்க் கிடந்தன. காற்று அடித்தால் தார்ப்பாய் பறக்கும். கைக்குக் கிடைத்த கனமான பொருள்களையெல்லாம் அதன் ஓரங்களில் அக்காள் வைத்திருப்பார்.

"வண்டி நெழல்ல நிக்குது, வவுத்துக்குச் சோறு போடறது வெயில்ல கெடக்குது. இதெ யாருகிட்ட போயிச் சொல்றது?" என்று அவர் என்னிடம் கேட்காத ஆண்டு இல்லை.

2024ஆம் ஆண்டு ஆடியில் இந்தப் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது. வண்டியின் பதிவுச் சான்று நவம்பரில் காலாவதியாகவிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நவம்பர் ஆறாம் தேதி, புதன்கிழமை, வரச் சொல்லியிருந்தார்கள்.

"அன்னைக்கி இது பாஸாகலைன்னா?" என்று அக்காள் கேட்டார்.

"ஆகும்."

"ஆகலைன்னா?"

"நானே பழைய இரும்புக்குப் போட்டுடறேன். கொட்டாய நீயே எடுத்துக்கோ."

அவர் பொய் சொல்ல மாட்டார் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். அக்காளும் அதை அறிவார். அன்றே கொட்டகையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டு வந்தார்.

இஞ்சினின் முன்புறத்தில் ஒரு தகரக் கவருக்குள் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. கீழே சிறியது, மேலே பெரியது. சிறியது பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும். பெரியது வால்வுகளைத் திறந்து மூடும். இரண்டையும் ஒரு செயின் இணைக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு குழி அடையாளமாகக் குத்தப்பட்டிருக்கும். இரு குழிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் செயினை மாட்டினால், பிஸ்டன் வரும் நேரமும் வால்வு திறக்கும் நேரமும் பொருந்தும். இதுதான் டைமிங். சில பற்கள் தவறினாலும் இஞ்சின் இருமும், ஓடாது.

பச்சியப்பனின் வண்டியில் இந்தச் செயின் தளர்ந்து, சலங்கை கட்டியதுபோல ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஒலியோடு போனால் பாஸாகாது என்று அவர் முடிவு செய்தார். சேலத்தில் ஒரு கடையில் சொல்லிவைத்துப் புதுச் செயினும் இரண்டு சக்கரங்களும் வரவழைத்தார். அவை அக்டோபர் எட்டாம் தேதி வந்தன. மறுநாளே ரேடியேட்டரை இறக்கி, கவரைத் திறந்து, பழைய செயினைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கோணிமேல் அடுக்குவது அவர் வழக்கம். அந்தக் கோணியை யாரும் தாண்டக் கூடாது. அது கொட்டகை வாசலை அடைத்துக் கிடந்ததால், மூன்று நாட்கள் நாங்கள் வீட்டுக்குப் பின்வழியாகச் சென்றோம்.

பத்தாம் தேதி மாலை ஒரு குறை தெரிந்தது. புதுச் சக்கரங்களில் அடையாளக் குழி இல்லை. குத்த மறந்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அரத்தால ஒரு வெட்டுப் போட்டுடலாங்களா மாமா?" என்றேன்.

"புதுச் சக்கரத்து மேல அரத்த வைப்பியா மாப்ள? உனக்கு மனசு வருதா?"

பழைய சக்கரத்தைப் புதியதன்மேல் பொருத்தி, பழையதன் குழி இருந்த இடத்துக்கு நேராகப் புதியதில் ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு வைத்தார். தக்காளிப் பெட்டிகளில் அக்காளின் பெயரெழுத்தை எழுதுவதற்காக வாங்கிய பெயின்ட் அது. இரண்டு சக்கரங்களுக்கும் அவ்வாறே வைத்துக் காய விட்டார். அத்துடன் அன்றைய வேலையை நிறுத்தினார். மறுநாள் ஆயுத பூஜை.

அன்று காலை எந்த இரும்பையும் வேலைக்காகத் தொடக் கூடாது. ஸ்பேனர், மண்வெட்டி, களைக்கொத்து, தராசு, கழற்றிப் போட்ட இஞ்சின் உறுப்புகள் என எல்லாவற்றையும் விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் கற்பூரம் காட்டி நகர்த்திய பிறகுதான் அவற்றை எடுக்கலாம். அவர் குளிக்கப் போயிருந்தார். பூஜைக்கு வைப்பவற்றை வைக்க வேண்டிய முறையில் வைப்பது அக்காளின் பொறுப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பொருளைச் சாமிக்கு முன் வைக்க அவர் மனம் ஒப்பாது. ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பளிச்சென்று துடைத்து, மஞ்சள் கலந்த சந்தனத்தில் ஒரு பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். எதையும் கவனிக்கவில்லை. இதற்காக எனக்கும் ஒரு பங்கு பழி உண்டு.

பன்னிரண்டாம் தேதி பச்சியப்பன் வேலையைத் தொடங்கினார். குங்குமம் கையில் ஒட்டுகிறது என்று எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டினார். பெரிய சக்கரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. சிறிய சக்கரத்திலும் ஒன்று இருந்தது. இரண்டையும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, செயினை மாட்டி, கவரை மூடி, எட்டுப் போல்ட்டுகளையும் முறுக்கினார். வலது கண்ணில் புரை வளர்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் போகாதவர் அவர். மூக்குக் கண்ணாடியும் போட மாட்டார். குனிந்தால் வழுக்கி விழுகிறதாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கிளப்ப முன்புறத்தில் செருகும் ஹேண்டிலைச் சுற்றும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பேட்டரி பழையது என்பதால் சாவியால் கிளப்பக் கூடாதாம். சுற்றினேன். கார்பரேட்டர் வழியாக ஒரு தும்மல் வந்தது. மீண்டும் சுற்றினேன். ஹேண்டில் எதிர்த்திசையில் உதைத்து என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

"கட்டைவெரல மடக்காம புடின்னு எத்தன தடவ சொல்றது மாப்ள?"

"வண்டி ஏங்க உதைக்குது?"

"பாயின்ட் சரியில்ல."

அன்று முதல் மூன்று வாரங்கள் நடந்ததை முழுமையாக எழுதினால் படிப்பவர் பொறுமை இழப்பார். சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்பொறிக்கான பாயின்ட்டை மாற்றினார். கண்டென்சர் மாற்றினார். நான்கு பிளக்குகளையும் கழற்றித் தேய்த்து மாட்டினார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று பிளக் ஒயர்களின் வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினார். பின்பு கழற்றி மீண்டும் அதே வரிசையில் மாட்டினார். டிஸ்ட்ரிபியூட்டரை வலப்பக்கம் ஒரு நூல் திருப்பினார். இடப்பக்கம் ஒரு நூல் திருப்பினார். கார்பரேட்டரை முழுவதும் பிரித்து ஒரு தட்டில் பரப்பினார். அந்தத் தட்டு இல்லாமல் அக்காள் இரண்டு நாள் வாழையிலையில் மாவு சலித்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் என்னை அழைப்பார். நான் வந்து சுற்றுவேன். வண்டி தும்மும், சில வேளைகளில் சைலன்சர் வழியாகத் துப்பாக்கிபோல் வெடிக்கும்.

அக்டோபர் முப்பத்தொன்று தீபாவளி. அன்று மட்டும் அந்த வெடிச்சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து நிலத்து ராஜப்பன் வேலிக்கு வெளியே வந்து நின்றான். டிராக்டர்கள் பழுது பார்ப்பவன்.

"என்னாங்கண்ணா, உங்க வூட்ல இன்னும் வெடி பாக்கி இருக்குதா?"

பச்சியப்பன் கையிலிருந்த பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செயின் மார்க்க ஒரு தடவ பாத்துடுங்க. ரெண்டு பல்லு தள்ளி நின்னாலே இப்படித்தான் இருமும்."

"அது நான் வெச்ச மார்க்கு ராஜப்பா."

"அதனாலதாங்கண்ணா சொல்றேன்."

அவன் சிரிக்காமல் சொன்னான். அதனால் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. நானும் அதையே சொன்னேன். கவரைத் திறக்கலாம், ஒரு பகல் வேலைதானே என்றேன். தம் கையால் செய்த ஒன்று தவறாக இருக்கலாம் என்பதைத் தவிர உலகில் உள்ள எல்லாக் காரணங்களையும் அவர் ஏற்கத் தயாராக இருந்தார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று அதையும் வடித்தார். மண்தான் நனைந்தது.

நவம்பர் மூன்று, ஞாயிறு. இன்னும் மூன்று நாட்கள். அக்காள் வேப்பமரத்தடியில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார். காய் வேறு, பழம் வேறு, அடிபட்டது வேறு. நான் ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு விரலுக்கு ஊதிக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவு சுத்தமா தொடச்சு வெச்ச பூசை," என்றார் அக்காள், பழத்திலிருந்து கண் எடுக்காமல். "இந்த வருசம் எதுல கொற வெச்சேன்னு தெரியல."

பச்சியப்பன் திரும்பினார். "எதெத் தொடச்ச?"

"எல்லாத்தையுந்தான். ஒரு கிண்ணம் மண்ணெண்ண ஆச்சு."

"சக்கரத்த?"

"சக்கரம், செயினு, ஸ்பேனரு. மஞ்சளா என்னமோ பிசுபிசுன்னு ஒட்டிக்கெடந்தது, அதையும் சொரண்டிட்டுத்தான் பொட்டு வெச்சேன்."

அவர் போய் ஸ்பேனரை எடுத்தார். ரேடியேட்டர் இறங்கியது. எட்டுப் போல்ட்டுகளும் கழன்றன. கவருக்குள் இரண்டு சக்கரங்களும் எண்ணெயில் குளித்துப் பளபளத்தன. இரண்டிலும் எந்தப் பொட்டும் இல்லை. பெயின்ட்டாக இருந்தால் இருந்திருக்கும். சந்தனம் என்றோ கரைந்து எண்ணெயோடு போய்விட்டிருந்தது. மூன்று வாரங்களாக அவர் நம்பியிருந்த அடையாளம், சக்கரத்தின் எந்த இடம் பார்க்க அழகாக இருந்ததோ அந்த இடத்தில் என் அக்காள் வைத்த பொட்டு.

"பெயின்ட்டுக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியலீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டும் மஞ்சதானே மாப்ள. ஒரு பொட்டுத்தான் இருந்திச்சி. சந்தனம்னா உதிரும், பெயின்ட்டுதான் நிக்கும்னு நெனச்சேன்."

இதோடு நின்றிருந்தால் நான் இந்தப் பகுதியை எழுதாமல் விட்டிருப்பேன். அவர் நிற்கவில்லை. வேப்பமரத்தின் பக்கம் திரும்பி, "கொட்டாய் வேணும்னு வேணும்னே தொடச்சியா?" என்றார்.

அக்காள் கையிலிருந்த பழத்தைப் பெட்டியில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு வருசத்துல இதெ ஒண்ணத்தாங்க நீங்க கேக்காம இருந்தீங்க," என்று சொல்லிவிட்டு நிலத்துப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மணிநேரம் நாங்கள் பழைய சக்கரங்களைத் தேடினோம். அவற்றில்தான் தயாரித்தவர்கள் குத்திய அடையாளக் குழி இருந்தது. அவை இருந்தால் குழியைப் புதியவற்றுக்கு மாற்றலாம். இல்லையென்றால் சேலம் போக வேண்டும். பதினைந்து நாளாகும். கோணியின்மேல் அவை இல்லை. கொட்டகை மூலையில், அட்டாலிப் பரணில், பழைய இரும்புப் பெட்டியில், எங்கும் இல்லை. பழைய உறுப்புகள் கோணியில் இருந்தவரை அவற்றுக்குக் காவல் இருந்தவர், புதியவை வந்ததும் பழையவற்றை எங்கே எறிந்தோம் என்பதை மறந்துவிட்டிருந்தார். கடைசியில் வண்டியின் மட்கார்டில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடும் நாளை மனத்துக்குள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. சொன்ன சொல்லை மாற்றுபவர் அல்லர்.

அக்காள் நிலத்திலிருந்து திரும்பினார். நாங்கள் தேடியது அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும். நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். தார்ப்பாயின் ஒரு மூலையிலிருந்து ஒன்றையும் மறுமூலையிலிருந்து ஒன்றையும் எடுத்தார். பெரிய சக்கரம், சின்னச் சக்கரம். இருபது நாட்களாக அவை காற்றில் பறக்காமல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தோம்.

இரண்டையும் கோணியின்மேல் அவர் முன் வைத்தார்.

"இந்தாங்க. இது ரெண்டும் இல்லாட்டி எனக்குத்தான் கொட்டாய். தெரிஞ்சிதான் குடுக்கறேன்."

பச்சியப்பன் சக்கரத்தைப் பார்த்தார். அக்காளைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த சொல் இது: "துரு புடிச்சிக் கெடக்குது."

அதற்கு நானே தலையில் அடித்துக்கொண்டேன். அக்காள் பழம் பிரிக்கத் திரும்பினார். தார்ப்பாயின் இரண்டு மூலைகளிலும் கல் தூக்கி வைக்க வேண்டியிருந்ததை நான்தான் செய்தேன்.

இம்முறை பெயின்ட் வைக்கவில்லை. பழையதைப் புதியதன்மேல் பொருத்தி, இரும்புக் குத்துளியை வைத்து, சுத்தியலால் ஒரே அடி. புதுச் சக்கரத்தின்மேல் கருவி படக் கூடாது என்ற விதி அன்று காலாவதியாயிற்று. திங்கட்கிழமை முழுவதும் அவர் பூட்டினார். ஐந்தாம் தேதி காலையில் நான் ஹேண்டிலைப் பிடித்தேன். மூன்றாவது அரைச் சுற்றில் இஞ்சின் ஓடத் தொடங்கியது. சலங்கைச் சத்தம் இல்லை. அவர் பானட்டின்மேல் காதை வைத்து, அரைமணி நேரம் நின்றார். தேநீர் ஆறிப்போயிற்று.

ஆறாம் தேதி தருமபுரிக்குப் போனோம். சோதித்த அலுவலர் விளக்குகளைப் போடச் சொன்னார். ஹாரன் அடிக்கச் சொன்னார். வைப்பரை ஓட்டச் சொன்னார். ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சேஸ் எண்ணைப் படியெடுத்தார். மரியாதையாகவும் விரைவாகவும் வேலையை முடித்தார்.

"இஞ்சின் சத்தத்தக் கேக்கறீங்களா சார்? டைமிங் செயின் புதுசு," என்றார் பச்சியப்பன்.

"ஓட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப ஓடுதுங்க. கையெழுத்துப் போடுங்க."

2029 வரை பதிவு நீட்டிக்கப்பட்டது. திரும்பும் வழியெல்லாம் அவர் முகம் சுளித்தபடியே வந்தார். காது கொடுத்துக் கேட்கக்கூட ஒரு ஆளில்லையே என்றார். மூன்று வாரம் என் விரல்கள் பட்ட பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டகை வண்டிக்கே ஆயிற்று. அக்காள் அந்த வார இறுதியில் தக்காளி பறித்த மாலை, பெட்டிகளை வழக்கம்போல் வேப்பமரத்தடிக்குத் தூக்கச் சொன்னார். பறிக்க வந்த பெண்கள் முதல் பெட்டியைத் தூக்கினார்கள்.

"இருங்க," என்றார் பச்சியப்பன்.

கொட்டகைக்குள் போனார். ஹேண்டிலுக்கு என்னைக் கூப்பிட்டார். வண்டியைக் கிளப்பினார். இஞ்சின் சூடாக வேண்டும் என்று பதினைந்து நிமிடம் அப்படியே விட்டார். பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். பிறகு வண்டியைப் பன்னிரண்டு அடி பின்னால் நகர்த்தி, வேப்பமரத்தடியில் நிறுத்தினார். தார்ப்பாயை உதறி வண்டியின்மேல் போர்த்தினார். மூலைக்கு ஒரு கல் வைத்தார்.

"உள்ள வையுங்க," என்றார்.

ஒரு பெண், "பாருங்க, பொகையில பழமெல்லாம் கருவாடு ஆயிடும்," என்றாள்.

அக்காள் கொட்டகைத் தரையில் பெட்டிகளை இரண்டிரண்டாக அடுக்கும் முறையை மூன்று முறை மாற்றினார்.

அதன்பின் ஒவ்வொரு பறிப்பு நாளிலும் இது நடந்தது. வண்டியைத் தள்ளி நகர்த்தினால் இரண்டு நிமிட வேலை. நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கிளப்ப வேண்டும், சூடாக வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், அதன் பிறகு பன்னிரண்டு அடி. மழை வரும்போலிருந்த நாட்களிலும் அதே பதினைந்து நிமிடம். ஆயினும் தக்காளி ஒருநாளும் நனையவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அவர் கடைசியாக வண்டியை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி, கொட்டகையில் இருபத்திரண்டு தக்காளிப் பெட்டிகளை வைக்கச் சொன்னது 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி.